காணாமல் போன பதினோராவது கட்டம்

"திருடன் உங்க பூனையைக்கூட விட்டு வைக்கலை," என்றார் ஓயாங் அக்கா, கையிலிருந்த புத்தகத்தில் பதினேழாம் பக்கத்தைக் காட்டி. "‘கருஞ்சர்க்கரை தொட்டியைத் தள்ளிவிட்டது. இரண்டு கன்று போச்சு.’ தெங் வீட்டுல பூனை உண்டா?"

"பூனை முடி பறந்தாலே அந்தாளுக்கு மூச்சு முட்டும்," என்றார் பீயுன். "ஹோபி ஊர் பூராவும் தெரிஞ்ச விஷயம்."

பீயுனின் பூனை கருஞ்சர்க்கரை அந்த நேரம் என் ஹெல்மெட்டுக்குள் சுருண்டு படுத்திருந்தது. திருட்டுப் போன சொத்து என்ற கவலை அதன் முகத்தில் இல்லை.

ஓயாங் அக்கா இருபத்திரண்டு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடை எது, எரிக்கப்பட்ட கடை எது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது தைனானில் சொந்தமாகத் துப்பறிகிறார். என் பெயர் கியட். முன்பு கேபிள் டி.வி. கம்பி இழுத்தேன். இப்போது அக்காவுக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், பை தூக்குகிறேன், கேட்காமலே கருத்துச் சொல்கிறேன்.

பீயுன் ஹோபியில் மூன்று பசுமைக்குடில் வைத்து ஆர்க்கிட் வளர்ப்பவர். ஒன்பது வருஷம் மகரந்தம் மாற்றி மாற்றிச் சேர்த்து ஒரு வெள்ளைப் பூ கொண்டுவந்திருந்தார். விடிந்து மூன்று மணி நேரத்துக்குக் கொய்யாப்பழ வாசனை வரும். அப்புறம் ஒன்றுமே வராது. போன வாரம் கண்காட்சிக்கு அதை எடுத்துக்கொண்டு போனால், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே பூ, அதே வாசனை, முதல் பரிசு ரிப்பனோடு தெங்கின் மேஜையில் நின்றது. பக்கத்தில் ஒரு புத்தகம்: தெங் இந்தப் பூவை உருவாக்கிய வரலாறு, நாற்பத்து மூன்று பக்கம். வரிக்கு வரி பீயுனின் குறிப்புகள்.

வெள்ளிக்கிழமை விவசாய அலுவலகத்தில் விசாரணை. புது ரகம் யாருடையது என்று அன்றைக்கு முடிவாகும். தோற்றால் பீயுன் தன் பூவைத் தானே விற்கக்கூடாது. இன்று புதன்.

"பழைய நோட்டுப் புத்தகம் இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"ஆறு வருஷம் முன்னாடி புயல் வெள்ளத்துல எல்லாம் கூழாப் போச்சு. அதுக்கப்புறம்தான் இது." பீயுன் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். "சொந்த விக்கி, நாங்களே எழுதி வச்சுக்கற குறிப்புத் தளம். ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு பக்கம். ஞாபகத்துல இருந்ததையும் காய வச்ச காகிதத்துல படிக்க முடிஞ்சதையும் இதுல ஏத்தினோம். அதிகாரிகிட்ட காட்டினேன். கம்ப்யூட்டர்ல தேதி யார் வேணா மாத்தலாமேன்னுட்டார்."

"அவர் சொல்றதும் நியாயம்தானே?" என்றேன். "என் பிறந்த தேதியையே நான் மூணு தடவை மாத்தியிருக்கேன்."

பீயுன் என்னைப் பார்த்த பார்வையில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்த பூனை எழுந்து போய்விட்டது.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவ புலி வருஷத்துல பிறந்தவ. கல்யாண வீட்டுல, புலி கடிச்சிடும்னு, மணப்பெண் அறைக்குள்ளகூட விட மாட்டாங்க. நான் ஒரு வயசு சின்னவ. நாப்பது வருஷமா கடி வாங்கிப் பழகிட்டேன்."

மான்லி. பீயுனின் சிநேகிதி. தேநீரும், வெட்டிய கொய்யாவும் கொண்டுவந்து வைத்தார். கைவிரல்களில் தொட்டிப் பாசியின் பச்சை ஏறியிருந்தது. குடிலில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று பீயுன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்கா கொய்யாவைத் தொடவில்லை. திரையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கியட், இந்தப் பக்கத்துல எத்தனை கட்டம்?"

எண்ணினேன். தாய்ச் செடி, தந்தைச் செடி, விதை போட்ட நாள், வாசனை, வாசனை வரும் நேரம், உருவாக்கியவர்... "பதினொண்ணு."

"புத்தகத்துல?"

"பத்து. திருடனுக்குக் கை வலிச்சிருக்கும்."

விடுபட்டது கடைசிக் கட்டம். திரையில் அதன் தலைப்பு, ‘முதல் பூ விரிந்தபோது பக்கத்தில் இருந்தவர்’. எதிரே ஒரே ஒரு சொல்: முயல்.

அடுத்த பக்கம். முயல். அதற்கடுத்த பக்கம். முயல்.

"முயல் வளர்த்தீங்களா?" என்று பீயுனைக் கேட்டேன்.

"அது சொந்த விஷயம். பூவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை." பீயுன் மடிக்கணினியை லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தேநீர் ஆறுது பாருங்க."

"இந்த டெம்ப்ளேட்டை, அதாவது கட்டங்களோட அச்சை, அமைச்சது யார்?" என்றார் அக்கா.

"ஹுங். இங்கதான் வேலை பார்த்தான். ரெண்டு வருஷம் முன்னாடி சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டான். இப்ப பைஹேயில, கண்ணாடிக் குடுவைக்குள்ள கன்று வளர்க்கிற கூடத்துல இருக்கான். அந்தக் கூடத்துலதான் தெங் கன்று வாங்கறார்."

நான் அக்காவைப் பார்த்தேன். கட்டம் பத்தோ பதினொன்றோ, கேஸ் முடிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

மான்லி கொய்யாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. பைஹே போய் வர நேரமாகும்."

ஸ்கூட்டரில் ஏறியதும் சொன்னேன். "அக்கா, ஹுங்தான். பூட்டைச் செஞ்சவன்கிட்டதான் சாவி இருக்கும்."

"பூனை வர்ற வரியை ஏன் அழிக்காம விட்டான்?"

"கவனிக்கலை."

"பீயுனோட புருஷன் இருமினது, புயல்ல கூரை பறந்தது, எல்லாத்தையும் புத்தகத்துல அப்படியே விட்டு வச்சிருக்கான். அவ்வளவு சோம்பேறி. ஆனா முயலை மட்டும் தேடிப் பிடிச்சு விரட்டியிருக்கான். படிக்கிறவனுக்குப் பூனையும் ஒண்ணு, முயலும் ஒண்ணு. நீயே என்ன கேட்டே?"

"முயல் வளர்த்தீங்களான்னு."

"அப்படித்தான் எல்லாரும் கேட்பாங்க. அந்த முயல் ஆபத்துன்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு."

ஹுங் நாற்பது வயது ஆள். வெள்ளை அங்கியும் முடிக்கு வலையும் போட்டிருந்தார். எங்களைக் கூடத்துக்குள் விடவில்லை, கிருமி ஏறிவிடுமாம். வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றே பேசினோம்.

"நான் திருடினேன்னு பீயுன் அக்கா சொன்னாங்களா?"

"சொல்லலை. நினைக்கறாங்க," என்றார் ஓயாங் அக்கா. எதிர்த் தரப்பு என்ற முறையில் அலுவலகம் பீயுனுக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தது. தெங் சாட்சியமாக ஒப்படைத்த கோப்புகளின் நகல். அக்கா அதை நீட்டினார். "இது தெங்கோட விக்கி. நீங்க பார்த்துச் சொல்லுங்க."

ஹுங் தன் கணினியைக் கொண்டுவந்து ஒரு ஸ்கூட்டர் இருக்கையில் வைத்துத் திறந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"என்னோடதுதான். நான் வச்ச எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கு. இங்க பாருங்க, ‘உருவாக்கியவர்’னு ஒரு கட்டம். அதை யாரும் தட்ட வேண்டியதில்லை. தட்டச்சு மிச்சமாகட்டும்னு டெம்ப்ளேட்லயே பீயுன் அக்கா பேரை எழுதி வச்சேன். புதுப் பக்கம் திறந்தா பேர் தானா வந்து உட்கார்ந்துக்கும். தெங் அந்த ஒரு இடத்துல தன் பேரைப் போட்டிருக்கார். நாப்பத்து மூணு பக்கமும் மாறிடுச்சு. பத்து வருஷ ஆராய்ச்சின்னு சொல்லிக்கறாரே, அதுக்கு அவர் பட்ட மொத்தப் பாடு அதுதான்."

"பதினோராவது கட்டம்?"

"டெம்ப்ளேட்லேருந்து எடுத்திருக்காங்க." அவர் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மாறி ஒரு தினுசான இரக்கம் வந்தது. "பாவம், அரைகுறையாத் தெரிஞ்ச யாரோ. டெம்ப்ளேட் எதைக் காட்டணும்னு மட்டும்தான் சொல்லும். எழுதினது அந்தந்தப் பக்கத்துலயே கிடக்கும். ஜன்னலைச் சாத்திட்டா வீட்டுக்குள்ள இருக்கிறவங்க காணாமப் போயிடுவாங்களா?"

ஒரே ஒரு வரி தட்டினார். பக்கத்தைப் புதுப்பித்தார்.

முயல். அடுத்த பக்கம், முயல். தெங்கின் பெயர் போட்ட நாற்பத்து மூன்று பக்கங்களின் அடியிலும் முயல் வந்து நின்றது.

"நான் எடுத்திருந்தா பக்கம் பக்கமாத் துடைச்சிருப்பேன்," என்றார் ஹுங். "அதுக்கு எனக்கு அஞ்சு நிமிஷம்."

"திருடத் தெரியாததால நிரபராதின்னு நிறையப் பேர் சொல்வாங்க. திருட நல்லாத் தெரியும், அதனால நிரபராதின்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்," என்றேன்.

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. "பீயுன் குடில்ல முயல் இருந்துதா?"

"ஆர்க்கிட் குடில்லயா? ஒரு முயல் உள்ள போனா ஒரு வரிசைக் கன்று காலி. பீயுன் அக்கா கொன்னே போட்டிருப்பாங்க. அது யாருன்னு நானும் ஒருதடவை கேட்டேன். உன் வேலையைப் பாருன்னாங்க."

திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பாதிச் சர்க்கரை, ஐஸ் கம்மி என்று இரண்டு தேநீர் வாங்கினேன். அக்கா உறிஞ்சுகுழலைக் குத்தாமலே கையில் வைத்திருந்தார்.

"கியட், புலி வருஷத்துக்கு அடுத்த வருஷம் எது?"

எங்கள் ஊரில் பேசத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எலி, எருது, புலி, முயல் என்று வருஷத்துக்கு ஒரு மிருகம், பன்னிரண்டு வரும்; முயலோடு என் வாய் நின்றுவிட்டது. நான் ஒரு வயசு சின்னவ என்று கொய்யா வெட்டிக்கொண்டு வந்தவர் சொன்னது ஞாபகம் வந்தது. என் தேநீர் இனிக்கவில்லை.

நாங்கள் போனபோது பீயுன் மதியத் தூக்கத்தில் இருந்தார். மான்லி தொட்டி மாற்றும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, கன்றுகளின் வேரில் பாசி சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா எதிரே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"ஹுங் அந்தக் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துட்டார்," என்றார். "நாப்பத்து மூணு பக்கத்துலயும் நீங்க இருக்கீங்க."

மான்லியின் விரல்கள் நிற்கவில்லை. கையிலிருந்த கன்றை முடித்து, தொட்டியில் வைத்து, அழுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அழிச்சுட்டேன்னு நினைச்சேன்."

"மறைச்சீங்க. அழியலை. குறிப்பையும் செடியையும் எதுக்குத் தெங்குக்குக் கொடுத்தீங்க?"

"பீயுன் போன இலையுதிர் காலத்துல பதிவு விண்ணப்பம் போட்டா. தட்டச்சு செஞ்சது நான்தான். எப்பவும் நான்தான். விக்கியிலயும் பாதிக்கு மேல நான் ஏத்தினது. அந்த வெள்ளைப் பூவுக்கு மகரந்தம் எடுத்து வச்சது இந்தக் கை. அந்த ரெண்டு செடியையும் சேர்க்கலாம்னு சொன்னதும் நான். அவ வேண்டாம்னா. நான் சேர்த்தேன். விண்ணப்பத்துல ‘உருவாக்கியவர்: பீயுன். வேறு எவரும் இல்லை’ன்னு எழுதச் சொன்னா. எழுதினேன்."

"தெங்?"

"அவன் ஒருத்தன்தான் கேட்டான். உங்க பேரையும் சேர்த்துப் போடட்டுமான்னு." மான்லி கைகளைத் துணியில் துடைத்தார். "கண்காட்சியில புத்தகத்தைப் பார்த்தப்புறம் தெரிஞ்சுது. அவனும் போடலை."

"யார் பேரை?"

கொட்டகை வாசலில் பீயுன் நின்றிருந்தார். கன்னத்தில் பாய்க்கோடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. முழுக்கக் கேட்டிருந்தார் என்பது மட்டும் அவர் கதவுக் கம்பியைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

குடிலில் எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி," என்றார் பீயுன். குரலில் புலி எதுவும் இல்லை.

"எத்தனை தடவை கேட்கறது? ஒவ்வொரு பூவுக்கும் ‘நம்ம பூ’ன்னு சொன்னேன். நீ ஒருதடவைகூட மறுக்கலை. ஒத்துக்கிட்டேன்னு நினைச்சுட்டேன்."

"உன்னை நான் எதுலயாவது விட்டிருக்கேனா? ஒவ்வொரு பக்கத்துலயும் நீதானே இருக்கே?"

"பக்கத்துல இருந்தவளா இருக்கேன்," என்றார் மான்லி. "வேடிக்கை பார்த்தவளுக்கு ஒரு கட்டம் கொடுத்தே. வேலை செஞ்சவளுக்கு?"

"அந்தப் பேரை நான் போடலை. ஹுங் போட்டது. நான் அந்தக் கட்டத்தைக் கவனிச்சதே இல்லை."

"அதைத்தான் சொல்றேன். நீ ஒரு நாளும் நிரப்பலை. அதுவா நிரம்பிச்சு. உனக்கு உறுத்தவே இல்லை."

பீயுன் உள்ளே வந்து எதிலாவது உட்காரப் பார்த்தார். வாளியில் அக்கா இருந்தார். நின்றுகொண்டே கேட்டார்: "எல்லாத்தையும் கொடுத்தவ, அந்த முயலை மட்டும் எதுக்குடி எடுத்தே? மாட்டிக்கக் கூடாதுன்னா?"

"முயல்னா யாருன்னு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இருந்தா மட்டும் எவன் கண்டுபிடிக்கப் போறான்?" மான்லியின் கண் நிறைந்துவிட்டது. "அது நீ எனக்கு வச்ச பேர். அந்தாள் புத்தகத்துல அதை அச்சடிக்க மனசு வரலை."

அவர் அதைத் தொடாமல் விட்டிருந்தால் நாங்கள் ஹுங்கைத்தான் பிடித்திருப்போம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை அந்தக் கட்டத்தைக் காட்டித்தான் ஜெயிக்க முடியும்," என்றார் ஓயாங் அக்கா. "முயல் யாருன்னு அதிகாரி கேட்பார்."

"கூப்பிட்டா உள்ள வந்து சொல்றேன்," என்றார் மான்லி. "நான் கொடுத்தேன்னும் சொல்றேன். நான் உருவாக்கினதையும் சொல்றேன். வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். அவ கூப்பிடணும்."

மான்லி முடித்து வைத்திருந்த தொட்டியைப் பீயுன் எடுத்து வரிசையில் வைத்தார்.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு விசாரணை. தெங் சாம்பல் நிற சூட்டில் வந்திருந்தார். சட்டைப்பையில் பரிசு ரிப்பன். பத்து வருஷ உழைப்பு என்று அவருடைய வக்கீல் நான்கு தடவை சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன்.

ஓயாங் அக்கா எழுந்தார். "தெங் ஐயா கொடுத்த கோப்பு உங்ககிட்ட முத்திரை போட்டு இருக்கு. அதோட நகல் ஒண்ணை நீங்களே திறங்க. நான் தொடலை. டெம்ப்ளேட்டுல நான் சொல்ற ஒரு வரியை நீங்களே சேருங்க."

அதிகாரி ஒற்றை விரலால் தட்டுகிறவர். அந்த ஒரு வரிக்கு மூன்று நிமிஷம் ஆனது. அப்புறம் சுவரிலிருந்த திரையில் பக்கம் பக்கமாக முயல்கள் வந்தன. அதற்குப் பக்கத்தில் பீயுனின் விக்கியைத் திறந்தார்கள். அதே நாற்பத்து மூன்று பக்கம், அதே இடத்தில் அதே முயல்.

"தெங் ஐயா," என்றார் அதிகாரி, "உங்க குறிப்புல இருக்கிற இந்த முயல் யாரு?"

தெங் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் பேனாவைப் பார்த்தார்.

"என் உதவியாள் ஏதோ விளையாட்டுக்கு..."

"எந்த உதவியாள்? அவர் பேர்?"

தெங்கிடம் பெயர் இருந்தது. சொன்னால் குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்றும் சொல்ல வேண்டும். உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி பீயுன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. யாரு?"

கதவின் கீழ்ப்பாதி கண்ணாடி. வராந்தாவில் பெஞ்சின் ஒரு நுனியும், பழுப்புச் செருப்பு போட்ட இரண்டு கால்களும் தெரிந்தன. பீயுன் அந்தப் பக்கம் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை ஓயாங் அக்கா இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நான் வளர்த்த முயல்," என்றார் பீயுன். "இப்ப இல்லை."

"பூவை உருவாக்கினது நீங்க மட்டும்தானே?"

"ஆமா. நான் மட்டும்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பதினைந்து நிமிஷத்தில் தெங்கின் கோரிக்கை தள்ளுபடி. பீயுனின் விண்ணப்பத்தில் சிவப்பு முத்திரை விழுந்தது.

"சிநேகிதியைக் காப்பாத்தினாங்களா, கைவிட்டாங்களா?" என்று அக்காவின் காதில் கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஒரே பதில் போதுமா இருந்துது," என்றார் அக்கா. கோப்பை மூடினார். ஜெயித்த கேஸை அவர் அப்படி மூடி நான் பார்த்ததில்லை.

வராந்தாவில் மான்லி எழுந்து நின்றார். துவைத்து மடித்த நீலச் சட்டை போட்டிருந்தார். விரல்களிலிருந்த பச்சையைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கியிருந்தார்.

"ஜெயிச்சாளா?"

"ஜெயிச்சாங்க."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க." அக்கா திருடர்களிடமும் பொய் சொல்ல மாட்டார். பீயுன் சொன்ன இரண்டு பதில்களையும் அப்படியே சொன்னார்.

மான்லி தலையை ஆட்டினார்.

பீயுன் முத்திரைத் தாளோடு வெளியே வந்தார். இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம். பீயுன் நடக்கவில்லை. மான்லிதான் பேசினார், வழக்கமாகக் குடிலில் பேசுகிற அதே குரலில்.

"மூணாம் குடில்ல மின்விசிறி நின்னுபோச்சு. காலையில பார்த்தேன். மத்தியானத்துக்குள்ள ஓட விடலைன்னா பூவெல்லாம் துவண்டுடும்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பிங்துங் ஊருக்குப் போகிற பஸ் எதிர்ச்சாரியில் வந்து நின்றது, ஏறிக்கொண்டார். அவருக்கு அங்கே ஒரு தங்கை உண்டு. பஸ் கிளம்பிப் போனது.

பீயுன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த தாள் காற்றில் படபடத்தது.

"மூணாம் குடில்ல நாலு மின்விசிறி இருக்கு," என்றார் கடைசியில், எங்களிடமா தனக்குத்தானா என்று தெரியாத மாதிரி. "அதை எல்லாம் அவதான் பார்த்துப்பா. எதுன்னு சொன்னாளா?"

"இல்லை," என்றார் ஓயாங் அக்கா. "சொல்லலை."